இருபத்து மூன்றாவது கோவில்



"ஆண்டு மலருக்கு உன் ரோமாபுரிப் பயணத்தைப் பற்றி எழுது" என்று நம் தமிழாசிரியை சொன்னபோது என் உள்ளம் துள்ளிக் குதித்தது. அன்றிரவே போர்டிங் படிப்பறையில் உட்கார்ந்து நான்கு பக்கங்கள் எழுதி முடித்துவிட்டேன். வானளாவிய கோபுரங்கள், பளிங்குத் தூண்கள், கண்ணைப் பறிக்கும் ஓவியங்கள் என்று எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் காலையில் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு பொய் இருந்தது. எழுதியவற்றில் அல்ல, எழுதாமல் விட்டதில். ஆகவே அந்த நான்கு பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் தந்தை சிறுநீரக நோயால் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. மருத்துவத்துக்கு வாங்கிய கடன் வீட்டை விற்றும் தீரவில்லை. அடுத்த ஆண்டு என் அம்மா இத்தாலி நாட்டுக்கு வேலைக்குப் போனார்கள். என்னை நம் சகோதரிகளின் போர்டிங்கில் சேர்த்துவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து, என் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் போனார்கள். அதன்பின் ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் ஊருக்கு வந்தார்கள். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில், என் ஒன்பதாம் வகுப்புத் தேர்வுகள் முடிந்ததும், சேர்த்து வைத்த பணத்தில் எனக்கு விமானச் சீட்டு அனுப்பினார்கள். ஐந்து வார விடுமுறை! ரோமாபுரி!

அம்மா தாம் வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். அங்கே எனக்கு இடமில்லை. ஆகவே அம்மாவின் தோழியாகிய மன்னார் தமிழ்ப் பெண்மணி ஒருவரின் வீட்டில் தங்கினேன். அவருடைய மகள் ரோமில் கல்லூரி மாணவி. நான் அவளை அக்கா என்றே அழைத்தேன். மாடி வீட்டில் என் வயதுடைய பிலிப்பைன்ஸ் நாட்டுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பிறந்து வளர்ந்தது எல்லாம் ரோமில்தான். அவளும் நானும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். இரண்டே நாளில் மூவரும் இணைபிரியாத தோழிகளானோம்.

அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமை பிற்பகலும் விடுமுறை. இத்தாலியில் வீட்டு வேலை செய்வோருக்குப் பெரும்பாலும் இதுதான் வழக்கமாம். மற்ற நாட்களில், தோழிக்குப் பள்ளி முடிந்ததும், நாங்கள் மூவரும் கோவில் பார்க்கக் கிளம்பிவிடுவோம். ரோமில் 900-க்கும் மேற்பட்ட கோவில்கள் உள்ளன என்று சொல்கிறார்கள். நான் ஒரு சிறிய குறிப்பேடு வாங்கி, பார்த்த கோவில்களுக்கு வரிசை எண் போடத் தொடங்கினேன். ஊருக்குத் திரும்புமுன் முப்பதைத் தாண்டிவிட வேண்டும், உங்களிடம் வந்து பெருமையாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

முதல் எண் புனித இராயப்பர் பேராலயத்துக்கு. 1506-ல் தொடங்கி, 1626-ல் அர்ச்சிக்கப்பட்ட கோவில் அது. கோபுரத்தின் உயரம் சுமார் 136 மீட்டர். உலகின் மற்றப் பெரிய கோவில்களின் நீளம் எவ்வளவு என்று அதன் நடுத்தரையில் பித்தளை எழுத்துக்களால் குறித்து வைத்திருக்கிறார்கள். "இந்தக் கோவில் இதுவரை வரும், அந்தக் கோவில் அதுவரை வரும்" என்று நாங்கள் அவற்றின்மேல் நடந்து விளையாடினோம். வலப்பக்கத்தில் மைக்கேல் ஆஞ்சலோ செதுக்கிய 'பியெத்தா' சிலை இருக்கிறது. இறந்த மகனை மடியில் ஏந்திய மாதா. சிற்பி அதை முடித்தபோது அவருக்கு வயது இருபத்து நான்குதானாம்! 1972-ல் ஒருவன் சுத்தியலால் அதைத் தாக்கினான். அதன் பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

அது யூபிலி ஆண்டு. பேராலயத்தின் புனிதக் கதவு திறந்திருந்தது. 2026 ஜனவரி 6-ஆம் நாள் அதை மூடிவிட்டார்கள். அந்தக் கதவின் வழியே நடந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. புனித மரியன்னைப் பெருங்கோவிலில், 2025 ஏப்ரல் 21-ஆம் நாள் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் கல்லறையைக் கண்டோம். எளிய கல்லில் அவருடைய பெயர் மட்டும் இலத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேறு ஒரு சொல்லும் இல்லை. புனிதப் படிக்கட்டின் 28 படிகளையும் முழந்தாளிலேயே ஏறினோம். மேலே போனதும் பிலிப்பைன்ஸ் தோழி தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "எண் போட்டுவிட்டாயா?" என்று கேட்டாள். போட்டுவிட்டேன். எண் பதினொன்று.

மே 8-ஆம் நாள் மாலை வெண்புகை எழுந்தது. அன்று வியாழக்கிழமை ஆகையால் அம்மாவும் என்னோடு சதுக்கத்தில் நின்றார்கள். புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ மாடத்தில் தோன்றி, தாம் புனித அகுஸ்தினாரின் சபையைச் சேர்ந்தவர் என்று சொன்னார். அம்மா என் தலையைத் தம் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் என்னைத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம்தான் என்று அப்போது நினைத்தேன்.

"புதுப் பாப்பரசர் அகுஸ்தினார் சபையல்லோ. அப்ப நாங்கள் அகுஸ்தினார் கோவிலுக்கும் ஒருக்காப் போக வேணும்" என்றாள் அக்கா. அடுத்த செவ்வாய்க்கிழமை போவதென்று முடிவாயிற்று. பிலிப்பைன்ஸ் தோழியின் வகுப்பு மாணவிகள் இருவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். இருவரும் இத்தாலியச் சிறுமிகள். அழகான உடை, கலகலப்பான பேச்சு. வழியில் ஒருத்தி, "உன் அம்மா இங்கே என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டாள்.

"நர்ஸ்" என்றேன்.

தோழியரே, இதே பதிலை நான் உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறேன். அது பொய். என் அம்மா நர்ஸ் அல்ல. எண்பத்தெட்டு வயதான ஒரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலை செய்கிறார்கள். குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறூட்டி, கழிவறைக்குத் தூக்கிச் சென்று, இரவில் அவர் இருமினால் எழுந்து உட்கார்ந்து... இதுதான் அவர்கள் வேலை.

முதலில் பிரெஞ்சுக்காரர்களின் புனித லூயிஸ் கோவிலுக்குப் போனோம். அங்கே கரவாஜியோ என்னும் ஓவியர் புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள் உள்ளன. அந்தச் சிற்றாலயம் இருட்டாக இருக்கும். சுவரிலுள்ள பெட்டியில் நாணயம் போட்டால் சில நிமிடங்கள் விளக்கு எரியும். பிறகு தானாகவே அணைந்துவிடும். எல்லாரும் மற்றவர் காசு போடட்டும் என்று காத்திருப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்! அது எண் இருபத்து இரண்டு.

அங்கிருந்து அகுஸ்தினார் கோவில் நடந்துபோகும் தூரம்தான். குறுகிய தெருவில் ஐவரும் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தோம். அப்போது எதிரே ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் ஒரு வெள்ளைத் தலை மூதாட்டி. பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது என் அம்மா! நீல நிற வேலை அங்கி, கழுத்தில் வியர்வை, தோளில் மூதாட்டியின் கைப்பை. என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. கையை உயர்த்தினார்கள்.

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்துக் கடையின் கண்ணாடியில் இருந்த எதையோ பார்ப்பதுபோல் நின்றேன்.

அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாதி உயர்ந்த கையை அப்படியே இறக்கி, மூதாட்டியின் சால்வையைச் சரிசெய்தார்கள். பிறகு நாற்காலியைத் தெருவின் மறு ஓரத்துக்குத் திருப்பி, எங்களுக்கு வழிவிட்டுப் போனார்கள். "அந்த அம்மாள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்களே, யார்?" என்று இத்தாலியச் சிறுமி கேட்டாள். "யாரோ" என்றேன். சக்கரத்தின் சத்தம் கல் தெருவில் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

கோவிலுக்குள் எப்படி நுழைந்தேன் என்று தெரியாது. வாசலருகே குழந்தையுடன் அமர்ந்த மாதாவின் பளிங்குச் சிலை. பிள்ளைப்பேறு வேண்டியும் நன்றி சொல்லியும் தாய்மார்கள் கட்டிய ரிப்பன்கள் அதைச் சுற்றி நிறைந்திருந்தன. ஒரு தூணில் இரபேல் வரைந்த இசையாஸ் தீர்க்கதரிசி. தோழிகள் ஒவ்வொன்றாகப் பார்த்து வியந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. இடப்பக்கத்து முதல் பீடத்தருகே அக்கா காசு போட்டாள். விளக்கு எரிந்தது.

அதுவும் கரவாஜியோவின் ஓவியம்தான். சுமார் 1605-ல் வரைந்தது. காரை உதிர்ந்த ஓர் ஏழை வீட்டு வாசற்படியில் மாதா குழந்தையை இடுப்பில் தாங்கி நிற்கிறார். அவருக்கும் காலில் செருப்பில்லை. முன்னால் ஒரு கிழவரும் ஒரு கிழவியும் முழந்தாளிட்டுக் கைகூப்பியிருக்கிறார்கள். வெகுதூரம் நடந்து வந்த திருப்பயணிகள். கிழவரின் இரண்டு உள்ளங்கால்களும் நம் பக்கம் திரும்பியிருக்கின்றன. அழுக்கேறிய, புழுதி படிந்த பாதங்கள். ஓவியம் பீடத்துக்கு மேலே இருப்பதால், அவை சரியாக நம் முகத்துக்கு நேராக வருகின்றன.

"இந்த அழுக்குக் காலைப் பார்த்து அந்தக் காலத்துச் சனங்கள் பெரிய அமளி பண்ணினவையாம்" என்றாள் அக்கா. "கோவிலுக்குள்ள இப்பிடியும் கீறுவதோ எண்டு."

நான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, அம்மா காவிச் சேலை கட்டி, திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி வரை வெறுங்காலோடு நடந்தார்கள். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு உடன் வந்தார். வழியெல்லாம் தார் ரோட்டின் சூடு. வேளாங்கண்ணியில் மணலில் முழந்தாளிட்டு அம்மா செபித்தபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கொப்புளம் வெடித்த அந்தப் பாதங்களை நான் அன்றே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு வெட்கமாக இல்லை. "வலிக்குதாம்மா?" என்று ஊதிவிட்டேன்.

விளக்கு அணைந்தது. இருட்டில் நான் அழுவது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் முன்னே போனதும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது உன்ர அம்மாதானே? நானும் கண்டனான்."

நான் பதில் சொல்லவில்லை.

"என்ர அம்மாவும் இதே வேலைதான் செய்யிறா. பதினெட்டு வருசம். அந்தக் காசிலதான் நான் படிக்கிறன். வெக்கப்படுறதுக்கு இதில என்ன கிடக்கு, தங்கச்சி?" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பிறகு என் கையைப் பிடித்து, தலைமைப் பீடத்தின் இடப்பக்கத்துச் சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்றாள். அங்கேதான் புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கம்மாளின் கல்லறை இருக்கிறது. நம் மறைக்கல்வி வகுப்பில் அவருடைய கண்ணீரைப் பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஆனால் ஒரு செய்தியை நான் கவனித்ததே இல்லை. 383-ஆம் ஆண்டில் அகுஸ்தினார் ஆப்பிரிக்காவிலிருந்து ரோமுக்குக் கப்பலேறியபோது, தாயிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தத் தாய் இரவெல்லாம் கோவிலில் செபித்துக்கொண்டிருந்தார். விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டது. பிறகு அந்தத் தாயே கடல் கடந்து, மகனைத் தேடி இத்தாலிக்கு வந்தார். 387-ல் மகன் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்டார். அதே ஆண்டு, ஊர் திரும்பும் வழியில், ரோமின் துறைமுகமாகிய ஓஸ்தியாவில் காய்ச்சலில் இறந்தார். சொந்த ஊரில் கணவரின் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. கடைசியில் அதையும் விட்டுவிட்டார். 1430-ல்தான் அவருடைய எலும்புகளை ரோமுக்குக் கொண்டுவந்தார்கள்.

பிள்ளைக்காகக் கடல் கடந்த தாய். தாயிடம் பொய் சொன்ன பிள்ளை. அந்தக் கல்லறையின் முன்னால் எனக்கு வேறு பிரசங்கம் தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும் கோவில் படிகளில் நின்று, என் முழுத் துணிவையும் திரட்டிக்கொண்டு, "அந்தச் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தவர் என் அம்மா. அவர் நர்ஸ் அல்ல. அந்தப் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறார்" என்று அந்த இத்தாலியச் சிறுமிகளிடம் சொன்னேன். அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தி சற்றுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "என் பாட்டியை ஒரு பெரு நாட்டு அம்மாள் கடைசிவரை பார்த்துக்கொண்டார். பாட்டி இறந்த பிறகு அவரும் போய்விட்டார். நான் இருவருக்காகவும் அழுதேன்" என்றாள். "நீ ஏன் உன் அம்மாவைக் கூப்பிடவில்லை?" என்றும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வியாழக்கிழமை பிற்பகல் அம்மா வந்தார்கள். கையில் எனக்குப் பிடித்த இனிப்பு ரொட்டி. செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. "இன்னிக்கு எங்க போகலாம் கண்ணு?" என்று மட்டும் கேட்டார்கள். அகுஸ்தினார் கோவிலுக்கே அழைத்துப் போனேன்.

இந்த முறை பெட்டியில் நான் காசு போட்டேன். அம்மா வெகுநேரம் நிமிர்ந்து பார்த்தார்கள். மாதாவைப் பார்த்தார்கள், குழந்தையைப் பார்த்தார்கள், கடைசியில் அந்தக் கிழவரின் பாதங்களில் கண் நின்றது.

"பாவம், எவ்வளவு தூரம் நடந்து வந்தாரோ! இந்தக் காலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் தேய்ச்சுவிட ஓர் ஆள் இல்ல பாரு" என்றார்கள்.

பிறகு மெல்லக் குனிந்து தம் காலணிகளைக் கழற்றினார்கள். "நம்ம ஊர்ல செருப்போட கோவிலுக்குள்ள போவோமா? இங்க குளிருக்கும் வழக்கத்துக்கும் பயந்து நானும் விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே முழந்தாளிட்டார்கள். நான் பின்னால் நின்றேன். அம்மாவின் உள்ளங்கால்கள் என் பக்கம் திரும்பியிருந்தன. குதிகாலில் ஆழமான வெடிப்புகள். நாளெல்லாம் நிற்கும் கால்கள். என் பள்ளிக் கட்டணமும் போர்டிங் கட்டணமும் என் விமானச் சீட்டும் நடந்து வந்த கால்கள்.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் முழந்தாளிட்டேன். "அம்மா, அன்னிக்கு..." என்று தொடங்கினேன். அழுகை முந்திக்கொண்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சிநேகிதிங்களோட இருந்தே. சின்னப் புள்ள" என்றார்கள் அம்மா. சற்றுப் பொறுத்து, "நீ கூப்பிட்டிருந்தா, சிஞ்ஞோராகிட்ட என் மகளைக் காட்டியிருப்பேன். அவங்களுக்கு உன்னைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. தினமும் உன் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாங்க" என்றார்கள்.

சிஞ்ஞோரா என்பது இத்தாலியர் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். மறுவாரமே நான் அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போனேன். அவர் என் கன்னத்தைத் தடவி இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். அம்மா மொழிபெயர்க்காமல் சிரித்தார்கள். எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. அன்று அந்த மூதாட்டியின் கால்களை அம்மா வெந்நீரில் கழுவித் துடைத்தபோது, துண்டை நான் பிடித்துக்கொண்டேன். திரும்புமுன் அடுக்களையில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஒலிவ எண்ணெயைச் சூடாக்கி, அந்தக் குதிகால் வெடிப்புகளில் தேய்த்துவிட்டேன். "கூசுதுடி!" என்று அம்மா சிறுபிள்ளைபோல் காலை இழுத்துக்கொண்டார்கள்.

என் குறிப்பேட்டில் மொத்தம் முப்பத்தொரு கோவில்கள் உள்ளன. பார்க்க விரும்பும் தோழியருக்குக் காட்டுகிறேன். பெரும்பாலானவற்றின் எதிரே கட்டிய ஆண்டும் உயரமும் எழுதியிருக்கிறேன். இருபத்து மூன்றாவது எண்ணுக்கு எதிரே மட்டும் அவை இல்லை. 'மறுபடியும், அம்மாவோடு' என்று எழுதியிருக்கிறேன். தாயையும் கோவிலையும் ஒன்றாக வைத்து ஔவைப் பாட்டி சொன்னதைச் சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்து ஒப்பித்தவள்தான் நான். அதன் பொருளைப் படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

இந்த மலரின் ஒரு பிரதியை அம்மாவுக்கு அனுப்பி வைக்க மதர் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே தோழியரே, இனி யாராவது உங்களிடம் என் அம்மாவைப் பற்றிக் கேட்டால், அவர் ரோமாபுரியில் ஒரு வயதான தாயைப் பார்த்துக்கொள்கிறார் என்று தயவுசெய்து சொல்லுங்கள். நானும் இனி அப்படியே சொல்வேன்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி